மாம்பழம் பிடிக்கும் ஆட்டமும் நாலு பேர் கையும்



இந்த மாதச் சுவர் இதழில் கணினிப் பகுதி எழுதுவது என் முறை. கம்ப்யூட்டரில் விளையாட்டு செய்வது எப்படி, செய்ததை வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்வது எப்படி என்று பாடம் மாதிரியே எழுதியிருக்கிறேன். நடுவில் நான் செய்த ஒரு தப்பும் வரும். அதை விட்டுவிட்டு எழுதினால் பாடம் பாதிதான் இருக்கும். அதனால் அதையும் எழுதிட்டேன். பொறுமையாகப் படியுங்கள்.

1. ஸ்கிராட்ச் என்றால் என்ன?

பத்தாம் வகுப்பு அக்காமாருக்குத் தெரியும். அவங்க அறிவியல் புத்தகத்தில் காட்சித் தொடர்பு என்ற பாடத்தில் இது வருகிறது. ஸ்கிராட்ச் என்பது கதை, கேலிச்சித்திரம், விளையாட்டு எல்லாம் நாமே செய்ய உதவும் ஒரு மென்பொருள். காசு கிடையாது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே மிட்செல் ரெஸ்னிக் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் சேர்ந்து இதைச் செய்தார்கள். 2007ஆம் ஆண்டு இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். இப்போது நாம் பயன்படுத்துகிற மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. அதில் பெயர் பதிந்திருப்பவர்கள் 10 கோடிக்கும் மேல். பெரும்பாலும் நம்மை மாதிரிப் பிள்ளைகள்தான்.

மற்ற கணினி மொழிகளில் கட்டளையை எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஓடாது. ஸ்கிராட்சில் அந்தத் தொல்லை இல்லை. கட்டளைகள் எல்லாம் கலர் கலராகக் கட்டை மாதிரி இருக்கும். ஒன்றோடு ஒன்று பொருத்தினால் போதும். நீலக் கட்டை என்றால் நகர்வது. ஊதாக் கட்டை என்றால் தோற்றம். மஞ்சள் கட்டை என்றால் 'எப்போது ஆரம்பிக்கணும்' என்று சொல்வது. சின்னப் பிள்ளைகள் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீங்களே, அதேதான்.

உங்களுக்குத் தெரியுமா?
பிள்ளைகளுக்கான கணினி மொழி இதற்கு முன்னாடியே வந்துவிட்டது. 1967இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபுயர்செய்க், சிந்தியா சாலமன் ஆகியோர் சேர்ந்து லோகோ என்ற மொழியைச் செய்தார்கள். அதில் ஓர் ஆமைக்குக் கட்டளை கொடுத்தால் அது நகர்ந்து கோடு போடும். ஸ்கிராட்சில் ஆமைக்குப் பதிலாக ஒரு பூனை!

2. திரையை நாலு பக்கமும் அளந்துகொள்வோம்

விளையாட்டு நடக்கும் இடத்துக்கு மேடை என்று பெயர். அதன் அகலம் 480, உயரம் 360. சரியாக நடுவில் இருக்கும் புள்ளிதான் பூச்சியம். அங்கிருந்து வலது பக்கம் 240 வரை, இடது பக்கம் -240 வரை. மேலே 180 வரை, கீழே -180 வரை. குறுக்கே போவது எக்ஸ், மேலும் கீழும் போவது ஒய்.

கணக்குப் பாடத்தில் வரைபடத்தாளில் புள்ளி குறித்தோமே, அதுதான் இது. அப்போது 'இதெல்லாம் எதுக்கு டீச்சர்?' என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. இப்போ தெரியுது.

3. மாம்பழம் பிடி: செய்முறை

மரத்திலிருந்து மாம்பழம் விழும். கீழே கூடை இருக்கும். அம்புக்குறிப் பொத்தானை அழுத்திக் கூடையை நகர்த்திப் பழத்தைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

கூடைக்கு:
அ) வலது அம்புக்குறியை அழுத்தினால் எக்ஸ் 10 கூட வேண்டும்.
ஆ) இடது அம்புக்குறியை அழுத்தினால் எக்ஸ் 10 குறைய வேண்டும்.

பழத்துக்கு:
அ) பச்சைக் கொடியை அழுத்தியதும் மேலே போக வேண்டும். ஒய் 170. எக்ஸ் -220 முதல் 220 வரை ஏதாவது ஓர் எண். கம்ப்யூட்டரே குலுக்கல் போட்டு எடுத்துக்கொள்ளும்.
ஆ) ஒவ்வொரு சுற்றிலும் ஒய் 5 குறைய வேண்டும். அப்போதுதான் பழம் விழுவது போலத் தெரியும்.
இ) ஒய் -170க்குக் கீழே போனால் பழம் மறுபடி மேலே போக வேண்டும்.
ஈ) பழம் கூடையில் பட்டால் மதிப்பெண் 1 கூட வேண்டும். உடனே பழம் மேலே போக வேண்டும்.

ஸ்கிராட்ச் இந்தச் சுற்றை நொடிக்கு 30 தடவை ஓட்டும். 170லிருந்து -170 வரை மொத்தம் 340. அதை 5ஆல் வகுத்தால் 68 சுற்று. 68ஐ 30ஆல் வகுத்தால் இரண்டே கால் நொடிக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் ஓடிப் பிடிக்கணும். 5க்குப் பதில் 10 என்று மாற்றினால் நேரம் பாதியாகிவிடும். சின்னப் பிள்ளைகள் அழுதுவிடுவாங்க.

மேலே பழத்துக்குச் சொன்னதில் 'ஈ' என்ற வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் தப்பு அங்கேதான் இருக்கிறது.

4. நான் செய்த தப்பு

ஆகஸ்ட் மாதம் பிரேயரில் அறிவியல் டீச்சர் என்னை முன்னாடி கூப்பிட்டு, 'ஒன்பதாம் வகுப்பு மாணவி சொந்தமாகக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்திருக்கிறாள்' என்று பாராட்டினார்களே, ஞாபகம் இருக்கா? நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும் சிரிச்சுக்கிட்டு நின்னேன்.

உண்மை என்னன்னா, அந்த ஆட்டம் முழுசும் என்னுடையது இல்லை. ஸ்கிராட்ச் தளத்தில் எந்த நாட்டுப் பிள்ளையோ செய்து வைத்திருந்த ஆப்பிள் பிடிக்கும் ஆட்டம் அது. நான் அந்தக் கோப்பை இறக்கிக்கொண்டேன். ஆப்பிளை எடுத்துவிட்டு மாம்பழம் வரைந்தேன். கிண்ணத்தை எடுத்துவிட்டு நம்ம ஊர்க் கூடை வரைந்தேன். முதல் திரையில் 'செய்தது: ஒன்பதாம் வகுப்பு' என்று என் பெயரைப் பெரிசாகப் போட்டுக்கொண்டேன். முதலில் செய்தவர் பெயரைப் போடவே இல்லை.

இன்னொன்றும் செய்தேன். 'பழம் மேலே போ' என்ற கட்டளை ரெண்டு இடத்தில் இருந்தது. ஒண்ணு போதுமே, எதுக்கு ரெண்டு என்று 'ஈ' வரியில் இருந்ததை எடுத்துவிட்டேன். ஆட்டம் நின்றுபோகவில்லை, ஓடியது. அதுவும் மதிப்பெண் கிடுகிடுன்னு ஏறியது. எல்லாரும் 'ஹே, 200, 300' என்று கத்தினாங்க. எனக்கு ஒரே பெருமை.

இரண்டு வாரம் கழித்துக் கம்ப்யூட்டர் ரூமில் எட்டாம் வகுப்புப் பையன்கள் கூட்டமாக நின்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால் என் மாம்பழம்! கூடைக்குப் பதில் ஒரு காக்கா வாயைத் திறந்துக்கிட்டு இருக்குது. முதல் திரையில் 'செய்தது: எட்டாம் வகுப்பு' என்று அந்தத் தம்பி பெயர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. 'திருட்டுப் பயலே' என்று எல்லார் முன்னாடியும் திட்டிவிட்டேன். அழுதுகொண்டே டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

டீச்சர் இரண்டு ஆட்டத்தையும் திறந்து பார்த்தார்கள். பிறகு என்னிடம், 'உன்னோடதுல ஒரு பழம் புடிச்சா ஏம்மா பத்து மார்க் ஏறுது?' என்று கேட்டார்கள்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தத் தம்பிதான் மெதுவாகச் சொன்னான். 'அக்கா, உங்க பழம் கூடையில பட்டதும் மேலே போகல. கூடைக்குள்ளாறயே விழுந்துக்கிட்டு இருக்கு. கூடை உயரம் 50. பழம் அஞ்சு அஞ்சா எறங்குது. அதனால பத்துத் தடவை பட்டுக்கிட்டே போகுது. நான் அதை மட்டும் சரி பண்ணிட்டேன்.'

நான் எடுத்துப் போட்ட கட்டளையை அவன் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துத் திரும்ப வைத்திருந்தான். எனக்கு முகம் சுண்டிப் போச்சு. டீச்சர் கேட்டதுக்குப் பதில் தெரியாதபோதே, அது நான் யோசித்துச் செய்த ஆட்டம் இல்லை என்று அவங்களுக்குப் புரிந்திருக்கும். அன்றைக்கே டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவங்க திட்டலை. 'கைதட்டினது நூறு பேரு. அந்த நூறு பேருக்கும் யாரு சொல்றது?' என்று மட்டும் கேட்டாங்க.

அதனால்தான் இந்தக் கட்டுரை. கைதட்டிய எல்லாரிடமும், திட்டு வாங்கிய எட்டாம் வகுப்புத் தம்பியிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

5. எடுப்பது தப்பா? இல்லை!

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அடுத்தவர் ஆட்டத்தை எடுத்து மாற்றியது தப்பு இல்லை என்று டீச்சர் சொன்னார்கள். ஸ்கிராட்ச் தளமே அதற்காகத்தான் இருக்கிறதாம்.

அதில் எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் 'உள்ளே பார்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் செய்தவர் பொருத்திய கட்டைகள் அத்தனையும் தெரியும். ஒளிவுமறைவே கிடையாது. பக்கத்திலேயே 'ரீமிக்ஸ்' என்று இன்னொரு பொத்தான். அதை அழுத்தினால் அந்த ஆட்டத்தின் நகல் நமக்கு வரும். நாம் மாற்றிப் பகிரலாம். அப்போது முதலில் செய்தவருக்கு நன்றி என்று அவர் பெயர் தானாகவே மேலே வந்துவிடும். அது போக 'குறிப்பும் நன்றியும்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. யாரிடம் படம் வாங்கினோம், யார் பாட்டைச் சேர்த்தோம் என்று அங்கே எழுத வேண்டும்.

அந்தத் தளத்தில் பகிரப்படும் எல்லா ஆட்டங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிமத்தின் கீழ் வருகின்றன. அதன் நிபந்தனை ரெண்டே ரெண்டு. ஒன்று, செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டு, நீ மாற்றிச் செய்ததையும் அடுத்தவர் எடுத்துக்கொள்ள விட வேண்டும். நான் கோப்பாக இறக்கி எடுத்து வந்ததால் பெயர் தானாக வரவில்லை. நானும் எழுதவில்லை. முதல் நிபந்தனையை மீறினேன். தம்பி எடுத்ததுக்கு அழுது இரண்டாவதையும் மீறினேன்! பெயர் போடாத தப்பை அவனும் செய்தான், ஆனால் என்னைப் பார்த்துத்தானே செய்தான்?

ஸ்கிராட்ச் என்ற பெயரே இப்படித்தான் வந்தது. இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து, பழைய பாட்டுகளைக் கலந்து புது ஓசை உண்டாக்குவார்கள். அதற்கு ஸ்கிராட்ச் என்று பெயர். அதிலிருந்து எடுத்த பெயர்தான் இது.

எங்க தெருவில் மார்கழி மாதம் இதேதான் நடக்கும். பக்கத்து வீட்டு அத்தை 15 புள்ளி, 8 வரை இடுக்குப்புள்ளி வைத்து ஒரு கோலம் போடுவாங்க. மறுநாள் அதை நான் நோட்டில் வரைஞ்சுக்குவேன். நடுவில் தாமரையை எடுத்துவிட்டு மயில் வைப்பேன். யாராவது 'நல்லாருக்கே' என்று சொன்னால், 'அத்தை போட்ட கோலம்தான், மயில் மட்டும் என்னுது' என்று சொல்வேன். கோலத்துக்குச் சொன்ன வாய் கம்ப்யூட்டருக்கு ஏன் சொல்லலை? யோசித்துப் பார்த்தேன். கோலத்தில் அத்தை பக்கத்து வீட்டில் இருக்காங்க, பார்ப்பாங்க. ஆப்பிள் ஆட்டம் செய்தவர் எங்கேயோ இருக்கிறார், பார்க்க மாட்டார் என்ற தைரியம்தான்.

6. பழைய கதை ஒன்று

கம்ப்யூட்டர் விளையாட்டு தொடங்கிய காலத்திலேயே இப்படித்தான் செய்திருக்கிறார்கள். 1962இல் அதே எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸல் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து ஸ்பேஸ்வார் என்ற ஆட்டத்தைச் செய்தார். பி.டி.பி-1 என்ற பெரிய கணினியில் ஓடியது. இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும். பின்னால் இருந்த நட்சத்திரங்கள் வெறும் புள்ளிகளாக இருக்கின்றன என்று பீட்டர் சாம்சன் என்ற நண்பர் உண்மையான வானத்து நட்சத்திரங்களைச் சேர்த்தார். டான் எட்வர்ட்ஸ் என்ற நண்பர் நடுவில் ஒரு சூரியனை வைத்து, அதன் ஈர்ப்பு விசை கலங்களை இழுக்கும்படி செய்தார். யாரும் அதை விற்கவில்லை. அந்தக் கணினி இருந்த மற்ற இடங்களுக்கும் நகல் கொடுத்தார்கள். 60 வருஷம் கழிந்தும் யார் எதைச் சேர்த்தார்கள் என்று நமக்குத் தெரிகிறது பாருங்கள். பெயர் சொல்லி வைத்ததால்தானே!

2002இல் லூடம் டேர் என்று ஒரு போட்டி தொடங்கியது. லத்தீன் மொழியில் 'ஆட்டம் ஒன்று கொடுப்பது' என்று அர்த்தமாம். பொழுதுபோக்காக விளையாட்டு செய்கிறவர்கள் தனியாள் பிரிவில் 48 மணி நேரத்தில் ஓர் ஆட்டம் செய்ய வேண்டும். அந்தப் பிரிவில் உள்ளே எழுதிய கட்டளைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அடுத்தவர் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக.

7. மறுபடி செய்தோம்

டீச்சர் தன்னுடைய ஆசிரியர் கணக்கிலிருந்து எனக்கும் தம்பிக்கும் மாணவர் கணக்கு போட்டுக் கொடுத்தார்கள். இந்தத் தடவை ஆப்பிள் ஆட்டத்தைத் தேடிப் பிடித்து ரீமிக்ஸ் பொத்தானை அழுத்தியே செய்தோம். குறிப்பில், 'படம் வரைந்தது ஒன்பதாம் வகுப்பு அக்கா. பழுது பார்த்ததும் காக்கா வைத்ததும் எட்டாம் வகுப்புத் தம்பி' என்று ஆங்கிலத்தில் எழுதினோம். டீச்சர் இலக்கணம் திருத்தினார்கள்.

பகிர்ந்த முதல் வாரம் பார்த்தவர்கள் 4 பேர். அதில் மூணு நாங்கதான்! நான் சோர்ந்து போனேன். அப்புறம் ஒரு நாள் யாரோ ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். அகராதி பார்த்துப் புரிந்துகொண்டோம். 'காக்கா நல்லா இருக்கு. ஆனா பழத்தை விட்டாலும் ஆட்டம் முடியவே மாட்டேங்குது' என்று அர்த்தம். நாங்கள் இரண்டு பேரும் அதை யோசிக்கவே இல்லை! தோற்காத ஆட்டத்தில் என்ன ருசி இருக்கும்?

அடுத்த வாரம் அவரே ரீமிக்ஸ் செய்து மூன்று உயிர் வைத்திருந்தார். மூணு பழம் விட்டால் ஆட்டம் முடியும். மேலே எங்கள் கணக்கின் பெயருக்கு நன்றி போட்டிருந்தது. தம்பி அதைப் பார்த்து, 'அக்கா, நம்மகிட்ட இருந்து எடுத்துட்டாங்க!' என்று குதித்தான். முன்னே அழுத அதே விஷயத்துக்கு இப்போது இரண்டு பேரும் சிரிச்சோம். உள்ளே திறந்து உயிர் எப்படி வைப்பது என்று நாங்களும் கற்றுக்கொண்டோம்.

8. அம்மாவின் பயம்

'நெட்டுல முகம் தெரியாதவங்ககூட என்னடி பேச்சு?' என்று அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதனால் இந்த விதிகளைச் சார்ட்டில் எழுதிக் கம்ப்யூட்டர் ரூமில் ஒட்டியிருக்கிறோம். எல்லாரும் கடைப்பிடிக்கணும்.

* சொந்தப் பெயர், ஊர், பள்ளி, போன் நம்பர், போட்டோ எதுவும் போடக்கூடாது. புனைபெயர் போதும்.
* ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும். வேறு ஏதாவது யாராவது கேட்டால் பதில் எழுதாமல் டீச்சரிடம் காட்ட வேண்டும்.
* குறை சொல்லும்போது முதலில் நல்லதைச் சொல்லி, பிறகு எதைச் சரி செய்யலாம் என்று சொல்ல வேண்டும். 'நல்லா இல்லை' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.
* புரியாத கட்டளையை எடுத்துப் போடாதே. எதுக்கு இருக்கிறது என்று முதலில் கண்டுபிடி. (இது எனக்கு நானே எழுதியது.)

9. பயிற்சி

அ) பழம் விழும் வேகம் 5க்குப் பதில் 8 என்றால், கீழே வர எத்தனை நொடி ஆகும்?
ஆ) கூடையின் உயரம் 30, வேகம் 5. 'ஈ' வரியில் 'மேலே போ' இல்லாவிட்டால் ஒரு பழத்துக்குச் சுமார் எத்தனை மதிப்பெண் ஏறும்?
இ) மாம்பழத்தோடு நடுநடுவே ஒரு கல்லும் விழுந்தால் ஆட்டம் எப்படி மாறும்? கல்லுக்கு என்ன கட்டளை வேண்டும்? யோசித்து எழுதுங்கள்.

விடைகளை வெள்ளிக்கிழமை கடைசிப் பிரியடில் கம்ப்யூட்டர் ரூமுக்குக் கொண்டு வாருங்கள். மூன்றாவது கேள்விக்கு நல்ல யோசனை சொன்னவர் பெயரை ஆட்டத்தின் குறிப்பில் சேர்ப்போம். சத்தியமாகச் சேர்ப்போம்.

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதியது: 9ஆம் வகுப்பு மாணவி
காக்கா படம் வரைந்து கொடுத்தது: 8ஆம் வகுப்புத் தம்பி
கணக்குச் சரிபார்த்தது: அறிவியல் டீச்சர்